வரையாமல் விட்ட வார்

கேள்வி: ஏற்காட்டில் குடியிருக்கிறோம். தேய்ந்த ஹவாய் செருப்பு ஒன்றை வரைந்த சின்ன வாட்டர்கலர் ஓவியம் பரிசாக வந்தது. நீல வார் பாதியில் வெள்ளையாக மறைந்துபோகிறது, முடிக்காததுபோல் தெரிகிறது. இதில் எதைப் பார்த்து ரசிப்பது? எங்கே மாட்டலாம்?

பதில்: பெரும்பாலும் அது வேண்டுமென்றே விட்ட இடம். வாட்டர்கலரில் வெள்ளை என்பது தாளின் வெள்ளைதான். வாரில் வெளிச்சம் விழும் இடத்தை முதலிலேயே தீர்மானித்து, தூரிகை படாமல் காக்க வேண்டும். பட்டுவிட்டால் பழைய வெள்ளை முழுசாகத் திரும்பாது. சன்னலோரம் ஓவியத்தைச் சாய்த்துப் பாருங்கள். அந்த இடத்தில் தாளின் சொரசொரப்பு அப்படியே இருந்தால் காத்த வெள்ளை. மாவு அப்பியதுபோல் இருந்தால் பிறகு வைத்த வெள்ளை.

அடுத்து நிழல். செருப்பு தரையைத் தொடும் இடத்தில் நூல் அளவுக்கு அடர்ந்து, விலக விலக வெளிற வேண்டும். ஒரே சீரான சாம்பல் பட்டை என்றால் செருப்பு மிதக்கும். பலர் இதற்குக் கறுப்பை எடுக்காமல் அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் கலப்பார்கள். நீலத்துகள் தாளின் குழிகளில் மணல்போல் தங்கியிருப்பது கிட்டத்தில் தெரியும்.

குதிகால் பதிந்த குழியை ஓவியர் கோடு போடாமல், பூச்சின் ஒரு ஓரத்தை மட்டும் ஈரத் தூரிகையால் கரைத்துக் காட்டியிருக்கிறாரா? என் கணக்கில் மதிப்பெண் அங்கேதான்.

காலிஃபிளவர் ஓரம்போல் கறை இருந்தால், பாதி காய்ந்த பூச்சில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் பூச்சு காய நேரமாகும், அதனால் இது எளிதில் நேரும். சேலத்து மே மாத வெயிலில் நேரெதிர்: கரைப்பதற்குள் ஓரம் கோடாக இறுகிவிடும்.

மாட்டும்போது கண்ணாடி தாளைத் தொடக் கூடாது. அமிலமில்லாத மவுண்ட் போர்டு (ஓவியத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை) வைத்து 3 மி.மீ. இடைவெளி விடச் சொல்லுங்கள். தாள் கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும், பழுப்புப் புள்ளி வரும். செல்லோடேப் வேண்டவே வேண்டாம். மழை அடிக்கும் வெளிச்சுவரைத் தவிர்த்து உள்சுவரில், நேர் வெயில் படாத இடத்தில் மாட்டுங்கள். ஃபிரேமின் பின்பக்கக் கீழ் மூலைகளில் இரண்டு கார்க் துண்டு ஒட்டினால் காற்று போய்வரும். தூசி தெரிந்தாலும் ஓவியத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். வண்ணத்தைப் பிடித்திருப்பது கருவேலப் பிசின் வகைதான், தண்ணீர் பட்டதும் மறுபடி கரையும்.