‘நேற்று’ என்ற சொல் வந்தால் ‘ஹாவ்’ வராது

வணக்கம் சகோதரி. தரம் 7 இல் படிக்கும் உங்கள் மகன் ‘ஐ ஹாவ் சீன் ஹிம் யெஸ்ரடே’ என்று திரும்பத் திரும்ப எழுதுவதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். இது கவனக்குறைவு அன்று. ‘நேற்றே பார்த்துவிட்டேன்’ என்று தமிழில் தடையின்றிச் சொல்ல முடிவதால், அந்தப் பழக்கத்தையே அவர் ஆங்கிலத்துக்கும் கொண்டுசெல்கிறார். ஆகவே தயவுசெய்து அவரைக் கண்டிக்க வேண்டாம்.

விதியை மனனம் செய்விப்பதிலும் பார்க்க, அவர் அறிந்த ஒரு காலப்பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். நல்லூர்க் கந்தன் மகோற்சவம் 25 நாட்கள் நடைபெறும். பன்னிரண்டாம் திருவிழாவன்று, ‘இம்முறை மூன்று தரம் போயிருக்கிறேன்’ என்று அவர் சொன்னால், திருவிழா இன்னும் முடியாததாலும் நாலாம் தரமும் போக இடமிருப்பதாலும், ஆங்கிலத்தில் ‘ஐ ஹாவ் கோன்’ என்பதே பொருந்தும். கொடியிறங்கிய பின்னர் அதே செய்தி ‘ஐ வென்ற்’ ஆகிவிடும். காலத்தின் கதவு திறந்திருக்கிறதா, மூடிவிட்டதா என்று ஒவ்வொரு வசனத்திலும் அவரையே கேளுங்கள். நேற்று, போன கிழமை, 2019 இல் என்பன மூடிய கதவுகள்; ஆகவே ‘ஐ சோ ஹிம் யெஸ்ரடே’ என்பதே சரி.

இன்னொரு சிக்கலும் உண்டு. ‘ஐந்து வருடமாக யாழ்ப்பாணத்தில் இருக்கிறோம்’ என்பது தமிழில் நிகழ்காலம். ஆங்கிலத்தில் அது ‘வீ ஹாவ் லிவ்ட்’ என வரும். என் அனுபவத்தில் பிள்ளைகள் மிகவும் தடுமாறுவது இங்கேதான் என்பதால், இதை வேறொரு நாளில் தனியாகப் பழக்குங்கள். ‘ஹாவ்’ உடன் வரும் சீன், கோன் போன்ற வினைச்சொற்களின் மூன்றாம் வடிவங்களை நாளுக்கு ஐந்தாக எழுதிப் பார்த்தாலே போதும்.