கையில் 1,500 யூரோ, ஹாம்பர்க்கில் வெறும் வீடு: ஒரு தம்பிக்குப் பதில்

தம்பி, பார்ம்பெக்கில் இரண்டு அறை வீடு கிடைத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதற்கு வாழ்த்துகள். இந்த ஊரில் வேலை கிடைப்பதைவிட வீடு கிடைப்பதுதான் பெரும்பாடு. வீட்டுக்காரர் கேட்கும் மூன்று மாத டெபாசிட்டைக் கட்டினால் கையில் 1,500 யூரோதான் மிஞ்சும், வீட்டில் ஒரு பல்புகூட இல்லை, சமையலறையில் வெறும் தண்ணீர்க் குழாய்தான் இருக்கிறது, ஈரோட்டிலிருந்து மனைவியும் இரண்டு வயது மகளும் இரண்டு மாதத்தில் வந்துவிடுவார்கள், ஐகியா மரச்சாமான் கடையில் தவணை போட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம் தம்பி. உங்களிடம் இருக்கும் பெரிய சொத்தே அந்த இரண்டு மாதம்தான். இங்கே அவசரப்படுகிறவர்தான் முழு விலை கொடுக்கிறார். வந்த புதிதில் தவணையில் சோபா வாங்கி, அதைக் கட்டி முடிப்பதற்குள் வேறு ஊருக்கு மாற்றலாகி, பாதி விலைக்கும் விற்க முடியாமல் தவித்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

பொருள் வாங்குவதற்கு முன்னால் டெபாசிட் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அதை மொத்தமாகக் கட்ட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஜெர்மன் சிவில் சட்டத்தின் 551-ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. டெபாசிட் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. அந்த வாடகை என்பதும் ஹீட்டிங், தண்ணீர்ச் செலவெல்லாம் சேராத வெறும் வாடகைதான். அதையும் மூன்று சம தவணையாகக் கட்டலாம்: முதல் தவணை வாடகைக்காலம் தொடங்கும்போது, மற்ற இரண்டும் அடுத்த இரண்டு மாத வாடகையோடு. வீட்டுக்காரரிடம் பணிவாக, எழுத்தில் சொல்லுங்கள். இதிலேயே உங்கள் கையில் உடனடியாக நிற்கும் தொகை கூடிவிடும்.

அடுத்து சமையலறை. நம் ஊரில் வாடகை வீடு என்றால் மேடையும் சிங்க்கும் இருக்கும். இங்கே பல வீடுகளில் அதுவும் குடியிருப்பவருடைய சொந்தப் பொருள். போகும்போது கழற்றிக்கொண்டு போய்விடுவார். முந்தைய வாடகைதாரர் இன்னும் காலி செய்யவில்லை என்றால் இன்றைக்கே அவரைப் பிடியுங்கள். அந்தச் சமையலறை அந்தச் சுவருக்கு அளவெடுத்துப் போட்டது. கழற்றுவதும் தூக்கிப்போவதும் அவருக்கும் தலைவலிதான். சொல்லும் விலையை அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்த வருடம் வாங்கியது, பில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். பொருளின் மதிப்புக்குப் பொருந்தாத பெரிய தொகையைக் கேட்கச் சட்டமும் இடம் கொடுப்பதில்லை.

அவர் ஏற்கெனவே கழற்றிக்கொண்டு போயிருந்தால் பதற வேண்டாம். பழைய சிங்க் ஒன்றும், பிளக்கில் செருகும் இரண்டு தட்டு மின்அடுப்பும் இருந்தால் மாதக்கணக்கில் சமைக்கலாம். பெரிய அடுப்பை மட்டும் நீங்களே இணைக்கப் போகாதீர்கள். அது 400 வோல்ட் மூன்று ஃபேஸ் இணைப்பு, எலக்ட்ரீஷியன்தான் கை வைக்க வேண்டும். ஊரிலிருந்து மிக்ஸி தாராளமாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், பிளக்குக்கு ஓர் அடாப்டர் போதும். ஆனால் பாத்திரம் கட்டுவதற்கு முன்னால், வரப்போகும் அடுப்பு இண்டக்‌ஷனா என்று தெரிந்துகொள்ளுங்கள். இண்டக்‌ஷன் என்றால் சாதாரண அலுமினியப் பாத்திரம் எதுவும் சூடாகாது. அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

புதிதாகக் காசு போட்டு வாங்க வேண்டியவை என்று நான் சொல்வது இரண்டுதான்: மெத்தையும் விளக்கும். பழைய மெத்தையை யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். மூட்டைப்பூச்சி வந்துவிட்டால் ஒழிக்க ஆகும் செலவில் நாலு மெத்தை வாங்கலாம். விலை கூடினால்தான் தரம் என்றும் நினைக்க வேண்டாம். ஷ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட் என்று ஒரு நுகர்வோர் சோதனை அமைப்பு 1964 முதல் இங்கே இருக்கிறது. அவர்கள் மெத்தைகளையும் சோதித்து மதிப்பெண் போடுகிறார்கள், அதைப் பார்த்து வாங்குங்கள். ஒரே பெரிய மெத்தைக்குப் பதிலாக 90-க்கு 200 சென்டிமீட்டர் அளவில் இரண்டு வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். மகள் வளர்ந்ததும் ஒன்று அவளுக்கு ஆகும், மாடிப்படியில் தூக்கவும் எளிது. கட்டில் பழையதாக இருக்கலாம், அதில் தப்பே இல்லை.

விளக்கைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சாவி வாங்கிப் போய்ப் பார்த்தால் கூரையிலிருந்து வெறும் வயர்தான் தொங்கும். டிசம்பரில் இங்கே காலை எட்டரைக்குத்தான் விடியும், மாலை நான்கு மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். ஊரிலிருந்து வருகிற பெண்ணும் குழந்தையும் நாளெல்லாம் வீட்டுக்குள் இருக்கப்போகும் முதல் குளிர்காலம் அது. நடுவில் ஒரு வெள்ளை விளக்கை மாட்டினால் வீடு ஆஸ்பத்திரி வார்டு போல ஆகிவிடும். அதைவிட 2,700 கெல்வின் என்று அட்டையில் போட்டிருக்கும் மஞ்சள் ஒளி எல்இடி பல்பு நான்கைந்து வாங்கி, பழைய டேபிள் விளக்கு, ஸ்டாண்ட் விளக்குகளில் போட்டு மூலைக்கு ஒன்றாக வையுங்கள். விளக்குத் தாங்கிகள் பழைய சாமான் கடையில் சில யூரோவுக்குக் கிடைக்கும். வீட்டை அழகாக்குவதில் இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

மற்றதெல்லாம் பழையது வாங்குங்கள். முக்கியமான இடம் கிளைன்ஆன்சைகன் என்ற விளம்பர இணையதளம். 2023 வரை ஈபே என்ற பெயரும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் விலைக்குப் பக்கத்தில் VB (‘ஃபௌ பே’) என்ற இரண்டு எழுத்து இருந்தால் பேரம் பேசலாம் என்று பொருள். ‘சு ஃபெர்ஷெங்கன்’ என்றால் இலவசம். தேடலில் உங்கள் அஞ்சல் எண்ணையும் ஐந்து கிலோமீட்டரையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாதமும் கடைசி வாரத்தில் அடிக்கடி பாருங்கள். இங்கே வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மாதக் கடைசியில்தான் முடியும். சாவி கொடுப்பதற்குள் வீட்டைத் துடைத்துக் காலி செய்தாக வேண்டும். 20-ஆம் தேதி 120 யூரோ சொன்ன மேசையை 29-ஆம் தேதி ‘வந்து எடுத்துக்கொண்டு போனால் போதும்’ என்பார்கள்.

செய்தி அனுப்புவதில் கொஞ்சம் கவனம் வேண்டும். ‘இருக்கிறதா?’ என்று ஒற்றைச் சொல்லில் கேட்டால் பலர் பதிலே போடமாட்டார்கள். வணக்கம் சொல்லுங்கள். நான் இன்னார், பார்ம்பெக்கில் புதிதாகக் குடிவருகிறேன், உங்கள் உணவு மேசை வேண்டும், நாளை மாலை ஆறு மணிக்கு இன்னொருவரோடு வந்து நானே கழற்றி எடுத்துக்கொள்கிறேன், கையில் பணம் தருகிறேன் என்று நான்கு வரி எழுதிக் கீழே பெயர் போடுங்கள். ஜெர்மன் சரியாக வராவிட்டால் மொழிபெயர்ப்புச் செயலி போதும். சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்கள். இப்படிச் செய்கிறவருக்குப் பத்து யூரோ அதிகம் சொன்னவரைத் தள்ளிவிட்டுக் கொடுப்பார்கள். மேசையோடு நாற்காலி, பூந்தொட்டி, குழந்தை விளையாட்டுச் சாமான் என்று கூடவே தூக்கிக் கொடுப்பவர்களும் உண்டு. வாட்ஸ்அப்புக்கு வா, இந்த லிங்கில் பணம் கட்டு என்று யாராவது சொன்னால் அத்தோடு விட்டுவிடுங்கள். பொருளைக் கண்ணால் பார்க்காமல் ஒரு சென்ட் கொடுக்கக்கூடாது. துணி வைத்த சோபா என்றால் மெத்தையைத் தூக்கித் தையல் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று மொபைல் வெளிச்சத்தில் பாருங்கள்.

ஒரு சனிக்கிழமை ஷ்டில்புருக் போய் வாருங்கள். ஹாம்பர்க் நகரத் துப்புரவு நிறுவனமே நடத்தும் பழைய சாமான் கடை அது. மக்கள் வேண்டாமென்று ஒதுக்கும் பொருள்களில் நல்லவற்றைப் பிரித்து விற்கிறார்கள். வாண்ட்ஸ்பெக் கிளை உங்களுக்குப் பக்கம். தட்டு, கிண்ணம், புத்தக அலமாரி, குழந்தைக் கட்டில் எல்லாம் தொட்டுப் பார்த்து வாங்கலாம். ஐகியாவுக்குப் போனாலும், வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்ததையும் காட்சிக்கு வைத்ததையும் விலை குறைத்து விற்கும் மூலைக்கு முதலில் போங்கள். ஆல்டோனா கடைத்தெருவில் 2014-இல் திறந்த கிளைக்கு ரயிலிலேயே போகலாம். தெருவோரத்தில் ‘சு ஃபெர்ஷெங்கன்’ என்று எழுதி வைத்த பெட்டியிலிருந்து எடுப்பதில் வெட்கமே வேண்டாம், இங்கே எல்லோரும் எடுப்பார்கள். நகராட்சி வண்டிக்காக வைத்திருக்கும் பெரிய சாமான்களை மட்டும் கேட்காமல் தொடாதீர்கள்.

தூக்கி வர வேன் வாடகைக்கு எடுக்கலாம். இங்கே குடியேறியதிலிருந்து ஆறு மாதம் வரை இந்திய லைசென்ஸ் செல்லும், சர்வதேச பெர்மிட்டும் கையில் இருந்தால் நல்லது. இரண்டு மூன்று வீட்டில் பேசிவைத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே நடையில் ஏற்றுங்கள். அலமாரியைக் கழற்றுவதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள். அலமாரியையும் கட்டிலையும் வெளிச்சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். வெளியே குளிர், உள்ளே சாம்பார் கொதிக்கிற ஆவி, கொடியில் காயும் ஈரத்துணி. அந்த ஈரமெல்லாம் காற்றோட்டமில்லாத குளிர்ந்த சுவரில்தான் போய்ப் படியும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பிப்ரவரியில் பீரோவை நகர்த்தினார்கள். பின்சுவரில் தரையிலிருந்து இடுப்பளவுக்குக் கறுப்பாகப் பூஞ்சை, பீரோவின் முதுகுப்பலகை ஊறி உப்பியிருந்தது, அடித்தட்டில் மடித்து வைத்த பட்டுப்புடவைகளில் வாடை. அந்த வீட்டுக் குழந்தைக்கு இருமல் விடவே இல்லை. தினம் மூன்று நான்கு தடவை ஜன்னல்களை முழுக்கத் திறந்து ஐந்து பத்து நிமிடம் காற்று விட்டு மூடுங்கள். நாளெல்லாம் பாதி திறந்து வைப்பதில் பயனில்லை, சுவர்தான் குளிர்ந்துபோகும். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் சில யூரோதான். முள் 60 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலங்காரத்துக்கு இங்கே பெரிதாகக் காசு செலவழிக்காதீர்கள். ஈரோட்டுக்காரருக்கு பவானி பக்கம்தானே? மனைவியை இரண்டு ஜமுக்காளம் மடித்துப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். தரையில் விரித்தால் குழந்தை விளையாடும் இடம் ஆயிற்று, சோபாமேல் போட்டால் பழைய சோபாவின் கறை தெரியாது. பழைய சுங்குடிப் புடவைகள் ஜன்னல் திரைக்கு அவ்வளவு அழகாக இருக்கும். துளை போடாமல் சுவருக்குச் சுவர் இறுக்கி நிற்கும் திரைக்கம்பிகள் இங்கே கிடைக்கும். சுவருக்கு அடர்ந்த வண்ணம் அடிக்கும் ஆசை இருந்தால், காலி செய்யும்போது வெளிர் நிறத்துக்கு மாற்றிக் கொடுக்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அப்படி மாற்றாமல் போனவர் நஷ்டஈடு தர வேண்டும் என்று ஜெர்மன் உச்ச நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

படுக்கையறையிலும் நடைவழியிலும் கூரையில் வெள்ளையாக வட்டமாக ஒன்று இருக்கும். அது புகை எச்சரிக்கைக் கருவி, சட்டப்படி இருந்தாக வேண்டும். சாம்பிராணி போடும்போது ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள். கத்துகிறதே என்று அதைக் கழற்றி வைக்க வேண்டாம்.

இரண்டு வயதுக் குழந்தை இருக்கிற வீட்டில் உயரமான அலமாரிகளைச் சுவரோடு திருகி இறுக்கியே ஆக வேண்டும். இழுப்பறையை இழுத்து அதன்மேல் ஏறுகிற வயது அது. அதற்கு ட்ரில்லிங் மெஷின் வாங்காதீர்கள், என்னிடம் இருக்கிறது. அலமாரி வந்ததும் எழுதுங்கள், ஒரு சனிக்கிழமை மத்தியானம் கொண்டுவந்து நானே போட்டுத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை இங்கே துளை போடக்கூடாது.