அலிஸ்டர் போகட்டும்

அன்புள்ள ஐயா,

‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ என்ற கணினி விளையாட்டை ஆடிக்கொண்டிருக்கிறேன். எதிரியான தளபதி லோகெய்னை மன்னித்து அணியில் சேர்த்ததும் என் துணைவன் அலிஸ்டர் விலகிப் போய்விட்டான். அவனுக்கு எத்தனை பரிசுகள் கொடுத்திருப்பேன்! முன்பு சேமித்து வைத்திருந்த பழைய சேவுக்குத் திரும்பி லோகெய்னைக் கொன்றுவிட்டேன். இத்தகைய விளையாட்டுகளில் துணைப்பாத்திரங்கள் எதற்கு, சண்டைக்கா கதைக்கா? மூன்று பேரைத்தான் உடன் அழைத்துச் செல்ல முடிகிறது, அது ஏன்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மூன்று பேர் என்பது சண்டை வசதிக்கான கணக்கு, அதை விடுங்கள். உங்கள் கடிதத்தில் என்னைத் தைத்தது ‘பழைய சேவுக்குத் திரும்பி’ என்ற சொற்கள்தான். ஏன் திரும்பினீர்கள்?

அலிஸ்டர் யார்? மன்னன் மாரிக்கின் மகன், ஆனால் ஊரறிய மகனென்று சொல்லப்படாதவன். தாயின் நினைவாக இருந்த ஒரே பதக்கத்தையும் சிறுவயதுக் கோபத்தில் சுவரில் எறிந்து உடைத்தவன். அவனுக்குத் தந்தைபோல வாய்த்தவர் டன்கன். ஆஸ்டகார் போரில் லோகெய்ன் படையோடு பின்வாங்கியதால் மாண்டவர்களில் அவரும் ஒருவர். அந்த லோகெய்னை அவன் பக்கத்திலேயே, அவன் சேர்ந்த கிரே வார்டன் என்னும் போர்வீரர் அமைப்பில் ஒருவனாக நிறுத்திவிட்டு, பரிசுக் கணக்கு பேசுகிறீர்களே!

தப்பு முழுவதும் உங்களுடையது அல்ல. பரிசு கொடுத்தால் நட்பின் மதிப்பெண் ஏறும், நூறு வரை ஏற்றலாம் என்று 2009இல் வந்த அந்த விளையாட்டே பழக்கிவிட்டது. ஆனால் எழுதியவர்கள் இந்த ஓரிடத்தில் அந்த எண்ணைத் தூக்கி எறிந்தார்கள். நூறே இருந்தாலும் அலிஸ்டர் போவான். போக முடியாதவன் துணையல்ல, இடுப்பில் தொங்கும் இன்னொரு வாள். ‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’ (1999) விளையாட்டில் வரும் துணைவன் டாக்கானை நினைத்துப் பாருங்கள். சாகாத ஒருவனிடம், ‘நீ சாகும்வரை உன்னுடன் இருப்பேன்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டான். போக வழியில்லாததே அவன் துயரம்.

என் அறையில் மூன்று ஆண்டுகள் இருந்த நண்பன் ஒருவன் உண்டு. அவனை அலுவலகத்தில் பொய்ப்பழி சுமத்தி வெளியேற்றிய மனிதரிடமே நான் பிறகு வேலைக்குச் சேர்ந்தேன். வீட்டில் கடன், தங்கையின் திருமணம் என்று நியாயங்கள் இருந்தன. அவன் கேட்கவும் இல்லை, திட்டவும் இல்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு, சாப்பாட்டுக்கடையில் தன் பங்கு பாக்கியைத் தீர்த்துவிட்டுப் போனான். நானும் அன்று உங்களைப் போலத்தான், ‘எவ்வளவு செய்திருப்பேன் இவனுக்கு’ என்று நினைத்தேன்.

பின்னர் ‘டிராகன் ஏஜ் 2’ ஆடியபோது, கிர்க்வால் நகர மதுக்கடையில் அலிஸ்டர் குடித்துவிட்டுப் புலம்பிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். முந்தைய விளையாட்டில் நான் எடுத்த முடிவு அவனை அங்கே கொண்டுவந்திருந்தது. கணினியை அணைத்துவிட்டேன். அன்று இரவே நண்பனின் பழைய முகவரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை.

லோகெய்னை மன்னித்த அந்த சேவ் இன்னும் இருக்கிறதா? இருந்தால் அங்கிருந்தே தொடருங்கள். அலிஸ்டர் போகட்டும்.