நாடகத்தனமா, நாடகத்தன்மையா?

மேலூர்ப் பக்கத்துப் பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: ‘ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், பேனா தொலைந்தால்கூட நெஞ்சில் கைவைத்து, குரலை ஏற்றி இறக்கித்தான் சொல்வான். அவனைப் பற்றிய குறிப்பில் “நாடகத்தனமாக நடந்துகொள்கிறான்” என்று எழுதினேன். அவன் அப்பா வந்து, “என் பிள்ளை பொய் சொல்றான்னு எழுதியிருக்கீங்களே டீச்சர்” என்று வருத்தப்பட்டார். நான் அப்படி நினைக்கவே இல்லை. சொல்லில் தவறா?’

ஆமாம், சொல்லில்தான் தவறு. அந்த அப்பா சரியாகவே படித்திருக்கிறார்.

சிக்கல் ‘நாடகம்’ என்பதில் இல்லை, ‘தனம்’ என்ற விகுதியில் இருக்கிறது. கஞ்சத்தனம், திருட்டுத்தனம், முட்டாள்தனம், பிள்ளைத்தனம் என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். கெட்டிக்காரத்தனம் போல ஒன்றிரண்டு நல்ல சொற்கள் உண்டு. ஆனாலும் பெரும்பாலும் இந்த விகுதி ஒரு குறையைச் சுட்டத்தான் வருகிறது. ‘நாடகமாடுகிறான்’, ‘நடிக்கிறான்’ என்றாலே நம் ஊரில் ஏமாற்றுகிறான் என்றுதான் பொருள். அதோடு ‘தனம்’ சேர்ந்தால் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்ற குற்றச்சாட்டு முழுமையாகிவிடுகிறது.

‘நாடகத்தன்மை’ அப்படியில்லை. நம் மதுரையிலேயே இதற்கு எடுத்துக்காட்டு இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் கண்ணகி விரித்த கூந்தலும் கையில் ஒற்றைச் சிலம்புமாகப் பாண்டியன் அவைக்கு வருகிறாள். சிலம்பை உடைக்கிறாள், மாணிக்கப் பரல் தெறித்து மன்னன் வாயருகே படுகிறது. அதைவிடப் பெரிய அசைவு, அதைவிட உரத்த குரல் எங்கே உண்டு? ஆனால் துக்கம் அத்தனையும் உண்மை. அந்தக் காட்சியில் நாடகத்தன்மை இருக்கிறது என்போம். நாடகத்தனம் என்று யாராவது சொன்னால் நமக்குக் கோபம் வரும்.

ஆகவே எழுதுவதற்கு முன் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: உணர்ச்சி பொய்யா, அல்லது அதைக் காட்டும் அளவு மட்டும் கூடுதலா? பொய் என்றால் பாசாங்கு, நாடகத்தனம். பொய்யான அழுகைக்கு நீலிக்கண்ணீர் என்றே தனிச்சொல் உண்டு. அளவு மட்டும் கூடுதல் என்றால் மிகை, மிகையுணர்ச்சி. பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே செய்வதைப் பையன்கள் ‘சீன் போடுறான்’ என்பார்கள். மதுரைப் பேச்சில் அலப்பறை. இவையெல்லாம் பேச்சுக்குச் சரி, பள்ளிக் குறிப்புக்கு ஆகாது.

எனக்கு இதில் ஓர் ஆதங்கமும் உண்டு. உங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய ‘வள்ளி திருமணம்’ நாடகம் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். திறந்தவெளியில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும், தெரிய வேண்டும் என்பதால்தான் மேடைக் கலைஞர்களுக்குக் குரலும் கையசைவும் பெரிதாயின. ஒலிபெருக்கி வராத காலத்தில் பழகிய தொழில்திறன் அது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் நாடக சபை தொடங்கிய ஊர் மதுரை. இங்கே இருந்துகொண்டு நாடகம் என்ற சொல்லை வசையாக்குவது எனக்கு உறுத்துகிறது.

சரி, உங்கள் குறிப்புக்கு வருவோம். பொதுவாகவே ஒரு பிள்ளையைப் பற்றி எழுதும்போது அவன் எப்படிப்பட்டவன் என்று பெயர் சூட்டுவதைவிட, என்ன செய்கிறான் என்று எழுதுவது நல்லது. பழைய வரியை அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள்: ‘சிறு நிகழ்வையும் உணர்ச்சியோடு, உரத்த குரலிலும் பெரிய கையசைவுகளோடும் சொல்கிறான். வகுப்பு நேரத்தில் இதைச் சற்றுக் குறைத்துக்கொள்ளப் பழக வேண்டும்.’ அப்புறம், அந்த அப்பாவை ஒருமுறை கூப்பிட்டு, நீங்கள் சொல்ல நினைத்தது இதுதான் என்று நேரிலும் சொல்லிவிடுங்கள்.