போருக்குப் பிந்தைய பிரிட்டனில் சிறுவர்கள் கால்வாய்ப் படகில் சாகசம் போனது நிஜமா, கதைக்காரர்களின் கற்பனையா?

நிஜம்தான். ஆனால் கதையில் சாகசமாக வருவது, படகுக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அன்றாட வேலை.

1948-இல் கால்வாய்களில் பெரும்பாலானவை அரசுடைமையான பிறகும், நிலக்கரியும் மற்ற சரக்கும் ஏற்றிய குறுகலான படகுகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. 70 அடி நீளம், 7 அடி அகலம். அதில் பின்பக்கம் ஏறக்குறைய 10 அடி அறைதான் மொத்த வீடு, அடுப்பு படுக்கை எல்லாம் அதற்குள்ளேயே. லண்டனிலிருந்து பர்மிங்காம் போகும் கிராண்ட் யூனியன் கால்வாயில் 137 மைலுக்கு 166 லாக்குகள். லாக் என்றால் இரு பக்கமும் கதவு வைத்த தொட்டி மாதிரி. படகை உள்ளே விட்டு, தண்ணீரை நிரப்பியோ வடித்தோ அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். படகு வருவதற்கு முன்பே சைக்கிளில் ஓடிப்போய் அடுத்த லாக்கைத் தயாராக வைப்பது பெரும்பாலும் பெரிய பிள்ளைகளின் பொறுப்பு. அதே கால்வாயில் ஹாட்டன் என்ற இடத்தில் மட்டும் வரிசையாக 21 லாக்குகள், யோசித்துப் பாருங்கள்!

அப்புறம் கால்வாய் மலைக்கு அடியில் நுழைந்து போகும் சுரங்கப்பாதை. பிளிஸ்வொர்த் சுரங்கம் ஏறக்குறைய 2.8 கிலோமீட்டர், உள்ளே நடைபாதையே கிடையாது, கும்மிருட்டு, தலையில் சொட்டும் தண்ணீர். என்னைக் கேட்டால் இதைவிடப் பெரிய சாகசம் வேண்டியதில்லை.

கைக்குழந்தைகள் தண்ணீரில் விழாமலிருக்க அறையின் கூரையில் கட்டிவைப்பதும் உண்டு. பள்ளிக்கூடம்? படகு நிற்கும் ஊரில் ஓரிரு நாள், அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாமலே வளர்ந்தவர்கள் நிறைய. 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்தபோது சரக்கு லாரிக்கும் ரயிலுக்கும் போய்விட்டது, பெரும்பகுதி திரும்பி வரவேயில்லை.