தாங்கிக் கப்பலில் மகனுக்கு வேலை: கையெழுத்துக்கு முன் எதைப் பார்ப்பது?

மயிலிட்டியிலிருந்து ஒரு தகப்பன் எழுதியிருக்கிறார். "நாற்பது வருடம் கடலுக்குப் போனவன் நான். மகன் கப்பல் படிப்பு முடித்துவிட்டான். எண்ணெய்த் தாங்கிக் கப்பலில் வேலை எடுத்துத் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார், நாலு இலட்சம் கேட்கிறார். கப்பலின் பெயரை டுபாய் போனதும் சொல்வார்களாம். 2020இல் கிழக்குக் கடலில் கப்பல் எரிந்ததை டிவியில் பார்த்த நாளிலிருந்து மனைவிக்கு இந்த வேலை என்றாலே பயம். அனுப்பலாமா?"

அண்ணை, தாங்கிக் கப்பல் வேலைக்குத் தாராளமாக அனுப்பலாம். ஆனால் இந்த முகவரை நம்பி அனுப்பாதீர்கள்.

முதலில் காசு. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயத்தை இலங்கையும் ஏற்றிருக்கிறது. அதன்படி வேலை எடுத்துத் தருவதற்காகக் கடலோடியிடம் ஒரு சதமும் வாங்கக் கூடாது. மருத்துவச் சான்றிதழ், கடலோடிப் புத்தகம், கடவுச்சீட்டு, இவற்றின் செலவு மட்டும்தான் உங்களுடையது. நாலு இலட்சம் கேட்கிறவர் அந்த இடத்திலேயே சட்டத்தை மீறிவிட்டார். அவருக்கு உரிமம் இருக்கிறதா என்று கொழும்பில் உள்ள வணிகக் கப்பல் செயலகத்தில் கேளுங்கள். உங்கள் நகையை அடகு வைக்கும் முன் கேளுங்கள்.

இனி, வீட்டில் அக்காவின் பயத்துக்கு வருகிறேன். அவர் பார்த்தது 'நியூ டயமண்ட்'. 2020 செப்டெம்பர் 3ஆம் திகதி, குவைத்திலிருந்து இந்தியாவின் பரதீப்புக்கு சுமார் 270,000 தொன் மசகு (கச்சா) எண்ணெயுடன் போய்க்கொண்டிருந்தபோது, சங்கமன்கண்டிக்கு அப்பால் தீப்பிடித்தது. பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் இறந்தார். தீ தொடங்கிய இடம் எண்ணெய்த் தாங்கி அல்ல, இயந்திர அறை. அப்படியொரு விபத்து எந்தக் கப்பலிலும் நடக்கலாம். நாள்கணக்கில் எரிந்தும் அந்தச் சரக்கு கடலில் கொட்டவில்லை. கொட்டியிருந்தால் கிழக்குக் கரையில் மீன்பிடித் தொழிலே பெரும் பாடு பட்டிருக்கும்.

அந்தப் பாதுகாப்பு சும்மா வந்ததல்ல. 1989இல் அலாஸ்காவில் 'எக்ஸன் வால்டெஸ்' பாறையில் ஏறி ஏறத்தாழ 37,000 தொன் எண்ணெயைக் கடலில் விட்ட பிறகுதான், தாங்கிக் கப்பலுக்கு இரண்டு சுவர் வேண்டும் என்று விதி வந்தது. வெளிச்சுவர் கிழிந்தாலும் உள்சுவர் எண்ணெயைப் பிடித்து வைக்கும். 1970களில் ஏழு தொன்னுக்கு மேல் எண்ணெய் கொட்டிய விபத்துகள் வருடத்துக்கு எண்பது அளவில் நடந்தன. 2010களில் அது ஆறு அளவுக்கு இறங்கிவிட்டது.

ஆனால் உங்கள் மகனுக்கு உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. நிறைந்த தாங்கியை விட வெறும் தாங்கிதான் கொடியது. எண்ணெய் இறக்கிய பிறகு உள்ளே ஆவி நிற்கும். மசகு எண்ணெயின் ஆவி காற்றில் ஏறக்குறைய 1 முதல் 10 சதவீதம் கலந்திருந்தால், ஒரு பொறி போதும். 2023 மே மாதம் மலேசியாவுக்கு அப்பால் வெடித்த 'பாப்லோ' சரக்கு இல்லாமல் வெறுமையாக வந்த கப்பல். மூன்று பேர் காணாமல் போனார்கள்.

இதைத் தடுக்கத்தான் தாங்கிக்குள் 'இனர்ட் காஸ்' என்ற, ஒட்சிசன் குறைந்த வாயுவை அடைப்பார்கள். ஒட்சிசனை 8 சதவீதத்துக்குக் கீழே வைத்துவிட்டால் பொறி பட்டாலும் எரியாது. சரி, எரியாத காற்றை மனிதன் சுவாசிக்க முடியுமா? இரண்டு மூச்சில் விழுந்துவிடுவான்.

நம் ஊரில் பாழ்கிணற்றைத் துப்புரவாக்க இறங்கும் முன் பெரியவர்கள் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் ஒருவரும் இறங்கமாட்டார்கள். கப்பலில் விளக்குக்கு இடமில்லை, அங்கே வாயுமானியைத்தான் இறக்குவோம். நான் இளநிலை அதிகாரியாக இருந்த ஒரு கப்பலில், எண்ணெயே படாத, கடல்நீர் மட்டும் நிரப்பும் தாங்கி ஒன்று. உள்ளே விட்டுவந்த ஸ்பானரை எடுக்க ஒரு பொடியன் ஏணியில் கால் வைத்துவிட்டான். தலைமை மாலுமி அவன் சட்டைக் கொலரைப் பிடித்து நிறுத்திவிட்டு, மானியைக் கயிற்றில் இறக்கச் சொன்னார். தாங்கியின் வாயில் ஒட்சிசன் 20.9 சதவீதம். நடுவில் 18. அடியில் 14. இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றிலிருக்கும் ஒட்சிசனைக் குடித்துவிடும், அவ்வளவுதான் காரணம். அன்றிலிருந்து, மேலே மட்டும் அளந்துவிட்டு 'சரி' என்று சொல்லும் ஆளை நான் நம்புவதில்லை. மூன்று மட்டத்திலும் அளக்க வேண்டும், எழுத்தில் அனுமதி வேண்டும், வாயில் ஒருவர் நிற்க வேண்டும். உள்ளே ஒருவன் விழுந்தால் மூச்சுக்காற்றுச் சிலிண்டர் மாட்டாமல் யாரும் இறங்கக் கூடாது. காப்பாற்ற ஓடியவர்கள் அடுத்தடுத்து இறந்த கதைகள் எங்கள் தொழிலில் ஏராளம். மகனிடம் இதை நீங்களே சொல்லுங்கள், தகப்பன் சொன்னால் மனதில் நிற்கும்: அனுமதித் தாள் இல்லாமல் இறங்கச் சொன்னால் கப்டன் சொன்னாலும் மறுக்கலாம்.

அப்படி மறுக்கக்கூடிய கப்பலா என்பதை முன்பே கண்டுபிடிக்க வழி உண்டு. ஒவ்வொரு கப்பலுக்கும் சர்வதேச கடல்சார் அமைப்பின் (ஐ.எம்.ஓ.) ஏழு இலக்க எண் ஒன்று உண்டு. பெயரும் கொடியும், அதாவது பதிவு செய்த நாடும், மாறினாலும் அந்த எண் மாறாது. 'ஈக்வாசிஸ்' என்ற இலவசத் தளத்தில் அதைப் போட்டால் கப்பலின் வயது, உரிமையாளர், பழைய பெயர்கள், எந்தத் துறைமுகத்தில் என்ன குறைக்காகத் தடுத்து வைத்தார்கள் என்பதெல்லாம் வரும். இரண்டு வருடத்தில் மூன்று கொடி மாறியிருந்தால், காப்புறுதி யாரிடம் என்று தெரியாவிட்டால், விலகுங்கள். தடைசெய்யப்பட்ட எண்ணெயை ஒளித்துக் கொண்டுபோகும் நிழல் கப்பல்கள் இப்போது நிறைய ஓடுகின்றன. சம்பளம் கூடத் தருவார்கள். விபத்து நடந்தால் பொறுப்பேற்க ஒரு முகவரி இருக்காது. கப்பல் பெயரை டுபாயில் சொல்கிறோம் என்ற பேச்சு எனக்கு அந்த மணம் அடிக்கிறது.

இன்னொரு கேள்வியும் கேட்கச் சொல்லுங்கள்: "கடைசி 'சயர்' சோதனை எப்போது?" பெரிய எண்ணெய்க் கம்பனிகள் தங்கள் சரக்கை ஏற்றும் முன் பார்க்கும் சோதனை அது. 2024 செப்டெம்பரில் வந்த புதிய முறையில் பரிசோதகர் தாள்களை மட்டும் புரட்டுவதில்லை, வேலை நடக்கும் இடத்துக்கே போய் மாலுமியிடம் "இதை எப்படிச் செய்வாய்?" என்று கேட்கிறார். இந்தச் சோதனைக்கு நிற்கும் கப்பலில் பயிற்சியும் ஓய்வு நேரமும் ஓரளவு ஒழுங்காக இருக்கும்.

மாசு பற்றி உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து ஊர் பட்ட பாடு தெரியும்தானே. இயந்திர அறைக் கழிவுநீரில் பத்து இலட்சத்துக்கு 15 பங்குக்கு மேல் எண்ணெய் இருந்தால் கடலில் விடக் கூடாது. சில கப்பல்களில் இரவோடு இரவாக ஒரு குழாயைப் பொருத்தி நேரே கடலில் விடுவார்கள், எண்ணெய்ப் பதிவேட்டில் பொய் எழுதுவார்கள். பிடிபட்டால் பதிவேட்டில் கையெழுத்து வைத்தவனும் நீதிமன்றம் ஏற வேண்டும். தன் கண்ணால் பார்க்காத ஒன்றுக்கு மகன் கையெழுத்துப் போடக் கூடாது.

கொள்ளையர் பயமும் நியாயமானது. 2017 மார்ச்சில் சோமாலியக் கரையில் பிடிபட்ட 'ஆரிஸ் 13' என்ற எண்ணெய்க் கப்பலில் இருந்த எட்டுப் பேரும் இலங்கையர். மூன்று நாளில் நல்லபடியாக விடுதலையானார்கள். 2023 இறுதியில் செங்கடலில் ஏவுகணை ஆபத்தும் சேர்ந்துகொண்டது. ஐ.டி.எஃப். என்ற சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் ஒப்பந்தம் உள்ள கப்பல் என்றால், போர் ஆபத்து என்று அறிவித்த கடலுக்குப் போக மறுத்து, கம்பனிச் செலவில் ஊர் திரும்பும் உரிமை உண்டு. ஒப்பந்தத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், மகனிடம் எண்ணெய், இரசாயனத் தாங்கிகளுக்கான அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறதா? இல்லாவிட்டால் அதை முதலில் எடுக்கட்டும். முகவரிடம் நாளைக்கே கப்பலின் ஏழு இலக்க எண்ணைக் கேளுங்கள். தந்தால் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்தே பார்ப்போம். தராவிட்டால், கடவுச்சீட்டைக் கொடுத்திருந்தால் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.