அப்பா பீடி பிடித்தாரே, எனக்கு மட்டும் ஏன்?

கேள்வி: நாமக்கல்லைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் நான், வயது 33. திருமணமாகி நான்கு ஆண்டுகளாகியும் குழந்தை இல்லை. மனைவிக்குக் குறை எதுவும் இல்லை என்று பரிசோதித்துச் சொல்லிவிட்டார்கள். எனது விந்துப் பரிசோதனையில், ஒரு மில்லிலிட்டருக்கு 1 கோடியே 10 லட்சம் விந்தணுக்கள், நகர்பவை 30 சதவீதம் என்று வந்திருக்கிறது. தினமும் 15 சிகரெட் பிடிப்பேன். மருத்துவர் அதை விடச் சொல்கிறார். ஆயுள் முழுக்க பீடி பிடித்த என் அப்பாவுக்கு நாங்கள் ஐந்து பிள்ளைகள். உண்மையிலேயே சிகரெட்தான் காரணமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் அப்பாவின் விந்தணுக்களை அன்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. புகைப்பவருக்குப் பிள்ளையே பிறக்காது என்று மருத்துவம் ஒருபோதும் சொன்னதில்லை. கையிருப்பு தாராளமாக உள்ளவர் அதில் ஒரு பங்கை இழந்தாலும் தந்தையாகிவிடுவார், கையிருப்பே குறைவாக உள்ளவருக்கு அதே இழப்பு தடையாகிவிடும். 20 ஆய்வுகளில் இடம்பெற்ற 5,865 ஆண்களின் விவரங்களைத் தொகுத்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, புகைப்பவர்களிடம் விந்தணுக்களின் எண்ணிக்கையும் நகரும் திறனும் குறைந்திருப்பதையும், ஏற்கெனவே குழந்தைப்பேறு தடைப்பட்டவர்களிடம் இந்தப் பாதிப்பு கூடுதலாக இருப்பதையும் காட்டியது.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கையேட்டின்படி கீழ் எல்லை, மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம். நகர்பவை 42 சதவீதம். நீங்கள் இரண்டிலும் சற்றுக் கீழே இருக்கிறீர்கள். இதை மலட்டுத்தன்மை என்று சொல்ல முடியாது. இந்த அளவிலும் இயல்பாகவே கருத்தரித்தவர்கள் உண்டு.

எண்ணிக்கையைவிட நான் கவலைப்படுவது உங்கள் அறிக்கையில் இல்லாத ஒன்றைப் பற்றி. விந்தணுவின் மேலுறை எளிதில் சிதையக்கூடிய கொழுப்பால் ஆனது. அதற்குள் பழுதைச் சரிசெய்யும் ஏற்பாடும் மிகக் குறைவு. புகையிலிருந்து இரத்தத்தில் கலக்கும் நிக்கோட்டினும் காட்மியம், ஈயம் போன்ற உலோகங்களும் விந்துத் திரவம் வரை போய்ச் சேருகின்றன. அங்கே பெருகும், எதையும் எளிதில் தாக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் மேலுறையை அரிப்பதோடு, தலைப்பகுதியில் சுருட்டி வைக்கப்பட்டுள்ள டி.என்.ஏ. இழைகளிலும் முறிவுகளை உண்டாக்குகின்றன. நன்றாக நீந்தும் விந்தணுவுக்குள்ளும் இத்தகைய முறிவு இருக்கலாம். சாதாரணப் பரிசோதனையில் அது தெரியாது. ஆனால் கருச்சிதைவுக்கான வாய்ப்பு அதனால் கூடுகிறது.

ஆகவே, சிகரெட் ஒரு காரணம் என்று தயங்காமல் சொல்வேன். அது ஒன்றேதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். விரைகள் உடல் வெப்பத்தைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் செவ்வனே வேலை செய்யும். என்ஜின் சூட்டில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கும் உங்கள் தொழில் அதற்கு எதிரானது. விரைப்பையில் இரத்தக் குழாய்கள் புடைத்திருக்கும் வெரிகோசீல் என்ற கோளாறு உண்டா என்று ஒரு யூராலஜிஸ்டிடம் அவசியம் பாருங்கள். சிகரெட்டுக்குப் பதிலாக வாயில் புகையிலை அடக்கிக்கொள்ளும் வழக்கம் ஓட்டுநர்களிடம் உண்டு. அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 72 நாட்களும், விரையை ஒட்டிய சுருள் குழாயில் அது முதிர்ச்சியடைய ஒன்றிரண்டு வாரங்களும் ஆகின்றன. இன்று புகையை நிறுத்தினால், புகை படாத விந்தணுக்கள் வெளிவர மூன்று மாதம் பிடிக்கும். பாதியாகக் குறைத்துக்கொண்டு காத்திருப்பதில் அந்த மூன்று மாதம் வீணாகும், முழுதாக நிறுத்துங்கள். முதல் சில நாட்களில் எரிச்சலும் கவனச்சிதறலும் வரும் என்பதால், ஓட்டம் இல்லாத ஒரு வாரத்தில் தொடங்குவது உங்களுக்கும் சாலையில் மற்றவர்களுக்கும் நல்லது. தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356-இல் கட்டணமின்றி ஆலோசனை கிடைக்கும். நிக்கோட்டின் சூயிங்கம் வேண்டுமா என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மூன்று மாதம் கழித்து அதே ஆய்வகத்தில், முன்புபோலவே இரண்டு முதல் ஏழு நாட்கள் உறவைத் தவிர்த்துவிட்டு, மீண்டும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இடையில் கடும் காய்ச்சல் வந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதனாலும் எண்ணிக்கை குறையும். மனைவியின் வயதை நீங்கள் எழுதவில்லை. அவர் 35-ஐ நெருங்கியவர் என்றால், மூன்று மாதம் முடியட்டும் என்று காத்திராமல், இருவரும் இப்போதே சேர்ந்து போய்க் குழந்தைப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.